மினி டிராக்டரில் பழைய இரட்டைக் கொழுக் கலப்பை இறங்கவில்லையா?

20 குதிரைத்திறன் வண்டியில் கலப்பை மண்ணில் இறங்காமல் மேலாகவே சறுக்குகிறது, சக்கரமும் வழுக்குகிறது என்கிறீர்கள். முதலில் மண்ணைக் கீறும் இரும்பான கொழுவின் மூக்கைத் தடவிப் பாருங்கள். மழுங்கி உருண்டிருந்தால் எவ்வளவு பாரம் வைத்தாலும் இறங்காது, மாற்றத்தான் வேண்டும். மூக்கு சரியாக இருந்தால் டாப் லிங்க்கை (வண்டியையும் கலப்பையின் மேல்பகுதியையும் இணைக்கும் திருகு கம்பி) இரண்டு சுற்று சுருக்குங்கள், முனை குனியும்.

அப்புறம் மண்ணைப் புரட்டும் இரும்புப் பலகையில் உள்ள துரு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மண் புரளாமல் அப்பிக்கொண்டு இழுவையைக் கூட்டிவிடும். பளபளக்கும்வரை தேயுங்கள், உழுது முடிந்ததும் கிரீஸ் பூசி வையுங்கள்.

முதல் சாலுக்குப் (உழுத பள்ளம்) பிறகு வலது சக்கரம் சாலுக்குள் ஓடும். அப்போது வலது லிஃப்ட் கம்பியை (கலப்பையைத் தூக்கும் கையைத் தாங்கும் கம்பி) சுருக்கிக் கலப்பையை மட்டமாக்குங்கள். அதன்பிறகும் வழுக்கினால் பின் கொழுவைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொழுவில் உழுங்கள்.