‘என் பிசில ஓடுமா?’: ஹெவி கேம்களும் விற்பனையும், உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த சுத்திதான் வந்திருக்கு, கேம் ரொம்ப ஹெவியா, அதாவது ஓட வலுவான மெஷின் கேக்கற மாதிரி இருந்தா விற்பனை அடிவாங்குமா வாங்காதா. மொத்தமா ஒரே பதில் சொல்லி முடிச்சிருக்கலாம், ஆனா ஒவ்வொருத்தரும் வேற வேற பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கீங்க, அதனால தனித்தனியாவே போவோம்.

யார் பிசிலயும் ஓடாததாலதான் க்ரைசிஸ் விக்கலன்னு சொல்றாங்களே, உண்மையா சார்?

பாதி உண்மை. 2007 நவம்பர்ல வந்துச்சு, அந்த மாசம் அமெரிக்கா கடைகள்ல வித்த கணக்கு 87 ஆயிரத்தக் கூட தொடல, அத வச்சு உடனே ஃப்ளாப்னு முத்திரை குத்திட்டாங்க. ஆனா அது கேம் வந்து ரெண்டு வாரம் சொச்சத்தோட கணக்கு. அடுத்த சில மாசத்துலயே 10 லட்சம் தாண்டிருச்சு, 2010 வாக்குல 30 லட்சத்துக்கும் மேல போயிருச்சு. அப்ப என்ன நடந்துச்சுன்னா, நெறைய பேர் "புது கிராபிக்ஸ் கார்டு வாங்குனப்புறம் பாத்துக்கலாம்"னு ஒதுக்கி வச்சிட்டாங்க. விற்பனை நின்னு போகல, தள்ளிப்போச்சு. தள்ளிப்போற விற்பனை தள்ளுபடில வர்ற விற்பனையா இருக்கும், அதான் பப்ளிஷருக்கு வலிக்கிற இடம், போட்ட காச முழு விலைல எடுக்கறதே மொத சில வாரத்துலதானே.

அந்த கேம செஞ்ச கம்பெனியோட தலைவர் செவத் யெர்லி அப்ப பைரசியத்தான் கை காட்டினாரு, இனிமே பிசிக்கு மட்டும்னு கேம் பண்ண மாட்டோம்னு 2008லயே சொல்லிட்டாரு, 2011ல க்ரைசிஸ் 2 கன்சோலுக்கும் (பிளேஸ்டேஷன் மாதிரி பெட்டிகளுக்கும்) சேத்துதான் வந்துச்சு. பைரசி இல்லன்னு நான் சொல்லல. ஆனா எஞ்சின், அதாவது கேமுக்கு அடித்தளமான மென்பொருள், போட்ட கணக்கும் தப்பாப் போச்சுங்கறத யாரும் பெருசா பேசறதில்ல. பிராசசரோட கிளாக் ஸ்பீடு ஏறிட்டே போகும்னு நம்பி வேலை மொத்தத்தையும் பிராசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்யற கோர்கள்ல ஒண்ணு ரெண்டு மேலயே ஏத்தி வச்சிருந்தாங்க, நடந்தது என்னன்னா ஸ்பீடு அங்கயே நின்னுட்டு கோர் எண்ணிக்கைதான் ஏறுச்சு. அதனாலதான் பல வருஷம் கழிச்சு வந்த மெஷின்லயும் அந்த கேம் சில இடத்துல மூச்சு வாங்குச்சு.

இன்னொண்ணு, மீடியம் செட்டிங்ல அன்னிக்கு இருந்த சுமாரான கார்டுலயே ஓரளவு ஓடுச்சுங்க. ட்ரெய்லர பாத்துட்டு வந்தவன் மீடியத்துல வைக்க மாட்டான், அதான் சிக்கல். 2004ல டூம் 3 வந்தப்ப அதோட அல்ட்ரா மோடுக்கு 512 எம்பி மெமரி உள்ள கார்டு வேணும்னாங்க, அன்னிக்கு நல்ல கார்டுகள்லயே 256தான் இருக்கும். ஆனா கீழ ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ்ங்கற சாதாரண கார்டு வரைக்கும் எறங்கி ஓடுச்சு, நல்லாவும் வித்துச்சு. கூரை, அதாவது உச்ச செட்டிங், எவ்ளோ உசரமா வேணா இருக்கட்டும், வாசப்படி, அதாவது ஓடறதுக்கே வேண்டிய மெஷின், உசரமா இருந்தாதான் ஆளு உள்ள வரமாட்டான். கீழ வர்ற பதில்கள்லயும் இந்த வாசப்படியத்தான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க.

லைட்டான கேம்தான் அதிகம் விக்கும்னா எல்லாரும் அப்டியே பண்ணிட்டு போலாமே ப்ரோ?

லைட்டா இருந்தா விக்கும்னு கேரண்டி கிடையாது ப்ரோ, பிசி கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல லைட்டான கேம் ஆயிரக்கணக்குல யாரும் சீண்டாம கெடக்கு. ஆனா ஒரே மாதிரி ரெண்டு கேம் மோதுச்சுன்னா அப்ப வாசப்படி பேசும். 2004 நவம்பர்ல ரெண்டு வார இடைவெளில எவர்குவெஸ்ட் 2 வந்துச்சு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்துச்சு. மொதல்ல சொன்னது இனிமே வரப்போற மெஷின்கள மனசுல வச்சு செஞ்சது, உச்ச செட்டிங் அன்னிக்கு யாருக்குமே சரியா ஓடாது. ரெண்டாவது 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் இருந்தாலே போதும்னுச்சு, கார்ட்டூன் மாதிரி வரைஞ்ச உலகம், உருவங்கள செய்யற துண்டுகள் (பாலிகன்) கொறச்சல். 2010ல அதுக்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள். சந்தா கேம்ல இது டபுளா வேலை செய்யும், ஏன்னா நண்பன் கூட சேந்து ஆடத்தான் வர்றாங்க, கும்பல்ல ஒருத்தன் பிசில ஓடலன்னா அந்த கும்பலே வேற கேமுக்கு போயிடும்.

சரி அப்ப ஏன் எல்லாரும் பண்றதில்ல? ட்ரெய்லர் இருக்கே. கேம வாங்க வைக்கறதுல பாதி வேலைய கிராபிக்ஸ்தான் செய்யுது, அசத்தலான ஸ்க்ரீன்ஷாட்டுக்கு கெடைக்கற இலவச விளம்பரம் "ரொம்ப ஸ்மூத்தா ஓடுது"ங்கறதுக்கு கெடைக்காது.

பாக்க எளிமையா இருக்கறதும் மெஷினுக்கு லேசா இருக்கறதும் வேற வேற, இத நெறைய பேர் குழப்பிக்கறாங்க. 30 கோடிக்கு மேல வித்த மைன்கிராஃப்ட்லயே எவ்ளோ தூரம் தெரியணுங்கற செட்டிங்க ஏத்தி வச்சு பாருங்க, கட்டம் கட்டமா இருக்கற அந்த கேம் உங்க பிராசசர எப்டி பிழியுதுன்னு தெரியும்.

ஸ்டீம் ஹார்ட்வேர் சர்வேய பாத்துதான் மினிமம் ஸ்பெக் (கேம் ஓட வேண்டிய கொறஞ்சபட்ச மெஷின்) முடிவு பண்றாங்களா?

ஸ்டீம் ஆடறவங்க மெஷின்ல என்ன இருக்குன்னு எடுக்கற கணக்கு அது. பாக்காத ஸ்டுடியோ இருக்காது, ஆனா கண்ண மூடிட்டு நம்பறதும் இல்ல. 2016ல வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 2022 கடைசி வரைக்கும் அந்த லிஸ்டுல முதல் இடத்துல உக்காந்திருந்துச்சு, அதுலேர்ந்தே ஜனங்க எவ்ளோ மெதுவா கார்டு மாத்தறாங்கன்னு புரிஞ்சிக்கலாம், அதுவும் 2020லேர்ந்து ரெண்டு வருஷம் கார்டு தட்டுப்பாடு, கிரிப்டோ மைனிங் பண்றவங்க அள்ளிட்டு போனாங்க. ஆனா சர்வே எண்ணறது ஸ்டீம் ஓடற மெஷின்கள, புது கேம முழு விலைக்கு வாங்கறவங்கள இல்ல. ஒரே இலவச கேம மட்டும் பத்து வருஷமா ஆடறவரும் அதுலதான் இருக்காரு. ஒரு சமயம் பிரவுசிங் சென்டர் மெஷின்களையே திரும்பத் திரும்ப எண்ணி கணக்கு கோணலாப் போய் 2018ல ஸ்டீம நடத்தற வால்வ் அத சரி பண்ண வேண்டி வந்துச்சு. அதனால நாம பண்ற மாதிரி கேம ஏற்கெனவே வாங்கினவங்க என்ன கார்டு வச்சிருக்காங்கன்னு பாக்கறதுதான் உருப்படியான கணக்கு, அது பழைய கேம் வித்த கம்பெனிகிட்டதான் இருக்கும்.

மினிமம் ஸ்பெக்க விட என் பிசி கொஞ்சம் மேலயே இருக்கு. ஆனாலும் கேம் திணறுது. பொய் சொல்லி விக்கறாங்களா?

பொய்யின்னு சொல்ல முடியாது, முழுசா சொல்லலன்னு சொல்லலாம். "மினிமம்"னா எந்த ரெசல்யூஷன்ல, விநாடிக்கு எத்தன ஃப்ரேம்ல (படத்துல), எந்த செட்டிங்லன்னு யாரும் பொதுவா விதி வச்சு அளக்கறதில்ல, பப்ளிஷர் எழுதறதுதான் கணக்கு. ஒருத்தருக்கு மினிமம்னா 30 ஃப்ரேம், இன்னொருத்தருக்கு மெனு வரைக்கும் போனாலே மினிமம்.

2025 பிப்ரவரிய எடுத்துக்கோங்க. மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் வெளிப்படையாவே எழுதியிருந்துச்சு, மினிமம்னா 720பிங்கற கொறஞ்ச ரெசல்யூஷன்ல ஓட்டி 1080பிக்கு இழுத்து விட்டு 30 ஃப்ரேம், ரெக்கமண்டட்லயே 60 ஃப்ரேம் வேணும்னா ஃப்ரேம் ஜெனரேஷன் போடணும். அதாவது பாதி ஃப்ரேம் மெஷின் ஊகிச்சு நடுவுல சொருகறது. அப்டியும் மொத மூணு நாள்ல 80 லட்சம், ஒரு மாசத்துல 1 கோடி. அப்ப ஹெவியா இருந்தா விக்காதுங்கறது பொய்யாச்சேன்னு கேப்பீங்க, கொஞ்சம் இருங்க. அடுத்த காலாண்டு, ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும், வித்தது 4 லட்சத்து 77 ஆயிரம்தான். அந்த சீரிஸோட பேருக்கு மொத மாசம் வாங்கினவங்க வாங்கிட்டாங்க, பிசில பட்ட பாட்ட ரிவ்யூல கொட்டினாங்க, அடுத்து வந்தவங்க அத படிச்சிட்டு திரும்பிப் போயிட்டாங்க. கடைசி கட்டத்துல ஆட விஷயம் கம்மின்னு ஒரு புகாரும் சேந்துக்கிச்சு, பழி முழுக்க ஸ்பெக் மேல போடறது நியாயமில்ல, ஆனா பெரிய பங்கு அதுக்கு இருக்கு.

அதே மாசம் கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 வந்துச்சு. க்ரைசிஸ் செஞ்ச அதே க்ரைஎஞ்சின் வம்சம்! மினிமம் ஜிடிஎக்ஸ் 1060, ஒரே நாள்ல 10 லட்சம், பிசில நல்லா ஓடுதுன்னு ரிவ்யூல ஊரே பாராட்டுச்சு. மாமியார் மாதிரி இருந்த எஞ்சின் மருமக மாதிரி ஆயிடுச்சு.

உங்க கேஸுக்கு வர்றேன். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடியிருந்தா பணம் திரும்ப வரும், 2015லேர்ந்து இருக்கற விதி. ஆனா ஷேடர் கம்பைல் ஆகற நேரமும், அதாவது காட்சிய வரையற நிரல்கள உங்க கார்டுக்கு ஏத்தபடி தயார் பண்ற நேரமும், அந்த ரெண்டு மணிலதான் ஓடும். 2023ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தப்ப சில பேருக்கு அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அவங்க ஆடறதுக்கு முன்னாடியே கெடு பாதி போயிருச்சு. அதனால வாங்கின அன்னிக்கே மொத ஒன்றரை மணிக்குள்ள முடிவு பண்ணிடுங்க.

ரே ட்ரேசிங் கட்டாயம்னு போடறாங்களே, வாடிக்கையாளர தாங்களே தொரத்தற மாதிரி இல்லயா?

தொரத்தறாங்கதான், தெரிஞ்சேதான். ரே ட்ரேசிங்னா வெளிச்சம் எப்டி பரவுதுன்னு கேம் ஓடும்போதே கணக்கு பண்றது. 2024 டிசம்பர்ல இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாசம் டூம் தி டார்க் ஏஜஸ், ரெண்டும் ரே ட்ரேசிங் உள்ள கார்டு இல்லன்னா ஓடாது. அவங்க கணக்கு என்னன்னா, பழைய முறைல ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சத்த முன்னாடியே கணக்கு பண்ணி ஒட்டி வைக்கணும், ஒரு சுவர நகத்தினா மறுபடியும் மணிக்கணக்குல காத்திருக்கணும். ரே ட்ரேசிங் மட்டும்னு முடிவு பண்ணிட்டா அந்த வேலை மொத்தமா மிச்சம், ரெண்டு விதமாவும் செஞ்சு ரெண்டையும் டெஸ்ட் பண்ண வேண்டாம். கன்சோல்லயும் அந்த வசதி இருக்கறதால பிசில மட்டும்தான் ஆள் கழியறாங்க. போற வாடிக்கையாளரோட கணக்கும் மிச்சமாகற மாசங்களோட கணக்கும் தராசுல வச்சு பாக்கறாங்க. ரே ட்ரேசிங் உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு வந்தே பல வருஷம் ஆயிடுச்சுங்கறதால இந்த தராசு இப்ப அவங்க பக்கம் சாயுது, என் கருத்துப்படி 2020ல பண்ணியிருந்தா கையச் சுட்டிருக்கும்.

2023 அக்டோபர்ல ஆலன் வேக் 2 மெஷ் ஷேடர்ங்கற புது வசதி இல்லாத கார்டுகள கிட்டத்தட்ட வெளிய நிறுத்துச்சு, ஸ்பெக் லிஸ்ட் வந்த அன்னிக்கே ஒரே கூச்சல். வந்தப்புறம் பாத்தா சொன்ன கார்டுல சொன்ன மாதிரி ஓடுச்சு, பழைய ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் கார்டுக்கு 2024 மார்ச்ல பேட்ச் (சரி பண்ற அப்டேட்) கூட குடுத்தாங்க. 2024 பிப்ரவரி வாக்குல 13 லட்சம்தான் வித்திருந்துச்சு, ஆனா பிசில, ஸ்டீம்ல இல்லாம, எபிக் ஆன்லைன் கடைல மட்டும்தான் கெடைச்சுங்கறதால இதுல ஸ்பெக்கோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்ற ஆள் யாராவது இருந்தா அவர நம்பாதீங்க.

எஸ்எஸ்டி கட்டாயம்னு போட்டா?

எஸ்எஸ்டின்னா பழைய ஹார்ட் டிஸ்க விட வேகமான சேமிப்பு, அத கட்டாயமாக்கினா பெருசா ஒண்ணும் ஆகாது. ஸ்டார்ஃபீல்டு 2023ல போட்டுச்சு, கொஞ்சம் முணுமுணுத்தாங்க, அவ்ளோதான். ஸ்க்ரூ ட்ரைவர் இருந்தா வீட்லயே மாத்திக்கலாம், கார்டு மாதிரி பவர் சப்ளை வரைக்கும் இழுத்து விடாது.

பேட்ச் போட்டு சரி பண்ணா போன விற்பனை திரும்புமா?

சில பேருக்கு திரும்பியிருக்கு. சைபர்பங்க் 2077 வந்த 2020 டிசம்பர்லயே 1 கோடியே 37 லட்சம் வித்துச்சு, ஆனா பழைய பிஎஸ்4ல ஓடின லட்சணத்துல ஒரு வாரத்துலயே சோனி கடைய விட்டு எடுத்துட்டாங்க, திரும்ப வர 2021 ஜூன் ஆச்சு. இங்க கவனிங்க, அவங்க தப்பு வாசப்படிய உசத்தினது இல்ல, உள்ள எடமே இல்லாம வாசப்படிய தாழ்வா காட்டினது. வருஷக்கணக்குல உழைச்சு 2024 நவம்பர்ல 3 கோடிய தொட்டாங்க. அவ்ளோ காசும் பொறுமையும் எத்தன பேர்கிட்ட இருக்கு? 2015ல பேட்மேன் ஆர்க்கம் நைட் பிசி பதிப்ப வித்து ஒரே வாரத்துல விற்பனைய நிறுத்திட்டு நாலு மாசம் கழிச்சு திரும்ப கொண்டு வந்தாங்க, அதுக்குள்ள ஆர்வம் ஆறிப்போச்சு.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, 2023ல, நாங்க நெனச்ச அளவுக்கு ஓடலன்னு வர்றதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டு வந்துச்சு, நேர்மைய பாராட்டணும். ஆனா உள்ள தோண்டி பாத்தவங்க கண்டுபிடிச்சது, நகரத்துல எறும்பு சைஸுக்கு நடக்கற ஒவ்வொரு ஆளுக்கும் வாய்க்குள்ள பல்லு வரைக்கும் மாடல் பண்ணி வச்சிருக்காங்க, தூரத்துக்கு ஏத்த மாதிரி குறைக்கற ஏற்பாடும் சரியா இல்ல. கேம் பல்லிளிச்சதுக்கு ஒரு காரணம் நெஜமாவே பல்லுதான்.

கேமுக்காக ஜனங்க மெஷின மாத்தின காலம் எல்லாம் போச்சா?

முன்னாடி மாத்தினாங்க. 1993ல மிஸ்ட் ஆட சிடி ட்ரைவ் வாங்கினாங்க, 1996ல க்வேக் பென்டியம் வாங்க வச்சுது, அடுத்த வருஷம் அதோட ஓபன்ஜிஎல் பதிப்பு வூடூங்கற 3டி கார்ட வாங்க வச்சுது. அப்ப பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் கண்ணுல அறைஞ்சுது. இப்ப உள்ள வித்தியாசத்த காட்ட படத்த நிறுத்தி அம்புக்குறி போட வேண்டியிருக்கு. 2020ல ஹாஃப் லைஃப் அலிக்ஸுக்காக விஆர் ஹெட்செட் வித்து தீந்ததுதான் எனக்கு கடைசியா ஞாபகம்.

நாங்க மூணு பேரு அன்ரியல் எஞ்சின்ல ஒரு கேம் பண்றோம் அண்ணா, மினிமம் ஸ்பெக் என்ன போடறதுன்னு தெரியல.

மொதல்ல உங்க டெவலப்மெண்ட் மெஷின்ல டெஸ்ட் பண்றத நிறுத்துப்பா. கிராபிக்ஸ் கார்டே இல்லாத பழைய லேப்டாப் ஒண்ணு, கையடக்க கேமிங் பிசியான ஸ்டீம் டெக் ஒண்ணு, இந்த ரெண்டுலயும் வாராவாரம் ஓட்டுங்க, கடைசி மாசத்துல ஓட்டினா எதையும் மாத்த முடியாது. விரலுக்கேத்த வீக்கம்தான், மூணு பேர் டீமுக்கு வாசப்படி உசரமா வைக்கற வசதி கெடையாது, பெரிய கம்பெனிக்காவது பேரு இருக்கு, ஜனங்க காத்திருப்பாங்க.

அளக்கும்போது கேமோட மோசமான சீன்ல அளங்க, எதிரி கும்பலா வந்து புகையும் வெடியும் ஒண்ணா இருக்கற எடத்துல. நான் வேலை பாத்த ஒரு டீம்ல மொத லெவல்ல அளந்து ஸ்பெக் எழுதிட்டோம், ஆறாவது லெவல்ல மழை பெய்யும், அந்த மழைக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. ஸ்பெக் லைன்ல கார்டு பேரோட நிறுத்தாம "லோ செட்டிங், 1080பி, 30 ஃப்ரேம், அப்ஸ்கேலிங் இல்லாம"ன்னு (அப்ஸ்கேலிங்னா கொறஞ்ச ரெசல்யூஷன்ல ஓட்டி இழுத்து விடறது) முழுசா எழுதுங்க. எஞ்சின்ல வெளிச்சத்துக்கான லூமென், நுணுக்கமான மாடல்களுக்கான நானைட் ரெண்டையும் அணைச்சிட்டு கேம் எப்டி இருக்குன்னு இப்பவே பாருங்க, அணைச்சா அசிங்கமா இருந்துச்சுன்னா ஆர்ட்டத்தான் மாத்தணும். டெமோ விட்டீங்கன்னா ஓடாதவங்க காசு குடுக்காமலே திட்டிட்டு போவாங்க, ரிவ்யூ எண்ணிக்கைல விழாது. ஷேடர் கம்பைல மொத திரைலயே வச்சு எவ்ளோ பாக்கின்னு ஒரு பார் காட்டுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா மறுபடி எனக்கு எழுதுங்க, எங்க எவ்ளோ நேரம் போகுதுன்னு காட்டற ப்ரொஃபைல் ஃபைலையும் சேத்து அனுப்புங்க.