17வது நிமிடத்தில் நைட் படை: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல் சறுக்கல் எங்கே தொடங்குகிறது?

ஒரு வாசகரின் கேள்வி: "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் விளையாடுகிறேன். கம்ப்யூட்டரை மாடரேட் அளவில் சுலபமாக ஜெயித்துவிடுகிறேன். ஆன்லைனில் அரேபியா மேப்பில் ஆடினால் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். 17வது நிமிடம் வாக்கில் எதிராளி நாலைந்து நைட்களோடு (கனரகக் குதிரைவீரர்கள்) உள்ளே வந்துவிடுகிறார். அப்போது என்னிடம் 22 வில்லேஜர், இரண்டு பாரக்ஸ் (காலாட்படைக் கட்டடம்), செலவழிக்காத 900 மரம். இரண்டாம் கட்டமான ஃபியூடல் ஏஜுக்கே 14வது நிமிடத்தில்தான் போகிறேன். எந்த நாகரிகத்தை எடுத்தால் இதைச் சமாளிக்கலாம்? ஸ்பியர்மேன் இறக்கியும் பலன் இல்லை, ஏன்?"

நாகரிகத்தை மாற்றினால் இது சரியாகாது. வில்லேஜர்களை, அதாவது வேலையாட்களை, உருவாக்கும் உங்கள் டவுன் சென்டர் முதல் பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றிருக்கிறது. நைட் வந்த நேரத்தில் நீங்கள் செய்தது சரியா தவறா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வில்லேஜர் உருவாக 25 வினாடி, விலை 50 உணவு. ஆட்டம் 3 வில்லேஜர், ஒரு ஸ்கவுட்டுடன் (வேவு பார்க்கும் குதிரைவீரர்) தொடங்குகிறது. ஃபியூடல் ஏஜை அழுத்த வழக்கமான மக்கள்தொகை 21, அதாவது 20 வில்லேஜரும் ஸ்கவுட்டும். ஆக நீங்கள் உருவாக்க வேண்டியவர்கள் 17 பேர். 17 × 25 = 425 வினாடி. இடையில் லூம் (வில்லேஜரின் உயிரைக் கூட்டும் ஆராய்ச்சி) எடுக்க ஒரு 25 வினாடி. மொத்தம் 450, அதாவது 7:30க்கு ஃபியூடல் பட்டனை அழுத்திவிடலாம். அந்த ஆராய்ச்சிக்கு 130 வினாடி. 9:40க்கு நீங்கள் ஃபியூடல் ஏஜில் இருக்க வேண்டும். உங்களுக்கோ 14:00 ஆகிறது. வித்தியாசம் 260 வினாடி, பத்து வில்லேஜர். எதிராளி அதே 9:40க்குப் போய், பிறகு நைட் கிடைக்கும் அடுத்த கட்டமான காசில் ஏஜ் ஆராய்ச்சிக்கான 160 வினாடியை டவுன் சென்டர் நேரத்தில் கழித்தாலும், 17வது நிமிடத்தில் அவரிடம் 31 வில்லேஜர் இருப்பார்கள். 22க்கும் 31க்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் ஊருக்குள் நைட்டாக வந்து நிற்கிறது.

டவுன் சென்டர் ஏன் நிற்கிறது? காரணம் மூன்றே மூன்று: உணவு 50 இல்லை, வீட்டில் இடம் இல்லை, அல்லது நீங்கள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவதுக்கு மருந்து கீபோர்டில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் எச் அழுத்தினால் டவுன் சென்டர் தேர்வாகும், கியூ அழுத்தினால் வில்லேஜர் வரிசையில் சேருவார். மவுஸைத் தொடவே வேண்டாம். மவுஸால் டவுன் சென்டரைத் தேடிப் போகிறவரை இந்தப் பிரச்சினை தீராது. ஒருவர் வெளியே வரும்போது அடுத்தவர் வரிசையில் இருக்க வேண்டும். ஐந்தாறு பேரை மொத்தமாக வரிசையில் போட்டால் அத்தனை உணவும் முன்கூட்டியே பிடிக்கப்பட்டுவிடும், அதனால் ஆரம்பத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். விதிவிலக்கு முதல் வினாடி: கையில் இருக்கும் 200 உணவுக்கு நான்கு பேரை உடனே போட்டுவிடலாம்.

வீட்டுக் கணக்கும் அப்படித்தான். தொடக்கத்தில் நீங்கள் 4 பேர், டவுன் சென்டர் தாங்குவது 5 பேர். ஆகவே முதல் கிளிக்கிலேயே இரண்டு வில்லேஜர் சேர்ந்து ஒரு வீடு, மூன்றாமவர் தனியாக இன்னொரு வீடு. வீடு 25 மரம், 5 பேருக்கு இடம், ஒருவர் கட்டினால் 25 வினாடி. வில்லேஜர் உருவாகவும் அதே 25 வினாடிதான். நடந்துபோகும் நேரத்தையும் சேர்த்தால், இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம் என்ற நிலை வரும்போதே அடுத்த வீட்டுக்கு ஆள் கிளம்பியாக வேண்டும். குதிரைப்படை எடுக்கும் ஸ்டேபிளும் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டிரண்டாகக் கட்டுங்கள்.

உணவு தட்டுப்படுவதுதான் மூன்றிலும் கடினமானது. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 7:30க்குள் உங்களுக்குத் தேவை 17 வில்லேஜருக்கு 850, ஃபியூடலுக்கு 500, மொத்தம் 1,350 உணவு. கையில் 200 இருக்கிறது. மீதி 1,150ஐ மேப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ஆடு 100, அரேபியாவில் எட்டு ஆடு. காட்டுப்பன்றி 340, இரண்டு. பெர்ரிச் செடி ஒன்றுக்கு 125, ஆறு செடி. கூட்டினால் 2,230. தேவையைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் வயல் போடுவது வீண். ஒரு வயலுக்கு 60 மரம் போகும், அந்த மரம் உங்கள் ஸ்டேபிளுக்கு உரியது. ஃபியூடலுக்கு முன்பே நாலு வயல் போட்டுவிட்டு மரம் போதவில்லை என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் பன்றியைத் தொடப் பயந்தவர்கள்.

ஆட்களைப் பிரிப்பது இப்படி. முதல் ஆறு பேர் ஆட்டில். 7 முதல் 10 வரை நான்கு பேர் மரத்தில். அவர்களில் முதலாமவர் காட்டோரத்தில் மரத்தை ஒட்டி லம்பர் கேம்ப் கட்டட்டும், 100 மரம். இடையில் ஒரு கட்டம் இடைவெளி விட்டுக் கட்டினால்கூட ஒவ்வொரு பத்து மரத்துக்கும் அந்த நடை சேர்ந்துகொண்டே போகும். 11வது ஆள் பன்றியை இழுத்து வர. 12வது ஆள் வீடு கட்டிவிட்டு, பெர்ரி அருகில் மில் கட்டி அங்கேயே பறிக்க, 13 முதல் 15 வரை அவரோடு சேர. மீதி ஐந்து பேரும் மரம். ஆக டவுன் சென்டர் அடியில் 7, பெர்ரியில் 4, மரத்தில் 9. டவுன் சென்டரின் கேதர் பாயிண்டை நேராக மரத்தின்மேலோ ஆட்டின்மேலோ வைத்துவிட்டால் பிறந்த வில்லேஜர் தானாக வேலைக்குப் போய்விடுவார். வேலையில்லாமல் நிற்பவரை முற்றுப்புள்ளி விசை காட்டிக்கொடுக்கும்.

ஆட்டை டவுன் சென்டரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொன்றாகவே வெட்ட வேண்டும். வெட்டிய ஆடு அழுகத் தொடங்கும், உயிரோடு நிற்கும் ஆடு அழுகாது. மூன்று ஆட்டை ஒரே நேரத்தில் சாய்த்தால் உணவு தரையிலேயே போகிறது.

பன்றிக்கு முழு உயிரோடு இருக்கும் ஒரு வில்லேஜரை அனுப்புங்கள். அவர் ஓர் அம்பு எய்து, பன்றி திரும்பியதும் உடனே டவுன் சென்டரை நோக்கி ஓட வேண்டும். நின்று இரண்டாவது, மூன்றாவது அம்பு எய்ய ஆசைப்பட்டால் ஆள் போய்விடுவார், ஏனெனில் லூம் இல்லாத வில்லேஜருக்கு உயிர் 25தான். லூம் எடுத்தால் இன்னும் 15 கூடும். அவர் டவுன் சென்டரை நெருங்கும்போது ஆட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்துப் பன்றிமேல் வலது கிளிக். ஓடி வந்தவரின் உயிர் குறைந்திருந்தால் அவரை உள்ளே புகவிட்டு வெளியே எடுங்கள். முதல் பன்றியில் 150 உணவு அளவு மீதி இருக்கும்போது இரண்டாவதை இழுக்க ஒருவர் கிளம்ப வேண்டும். முதலாவது தீர்ந்த பிறகு கிளம்பினால் ஏழு பேர் கைகட்டி நிற்பார்கள், டவுன் சென்டரும் நின்றுவிடும். உங்கள் ஆட்டத்தில் நேரம் அதிகம் ஒழுகும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

ஃபியூடல் பட்டன் ஒளிர, தொடக்கக் கட்டமான டார்க் ஏஜின் கட்டடம் இரண்டு வேண்டும். லம்பர் கேம்ப்பும் மில்லும் போதும், வீடு கணக்கில் வராது. அழுத்திய பின் உள்ள 130 வினாடியில் டவுன் சென்டரில் ஆள் எடுக்க முடியாது என்பதால் அந்த நேரத்தில்தான் பாரக்ஸ் கட்ட வேண்டும், 175 மரம். ஒன்று போதும். இரண்டாவது பாரக்ஸ் உங்களுக்கு இந்தக் கட்டத்தில் எதுவுமே தராது. 9:40க்கு ஃபியூடல் வந்தவுடன் 175 மரத்துக்கு ஸ்டேபிள், லம்பர் கேம்ப்பில் மரம் வெட்டுவதை வேகப்படுத்தும் டபுள் பிட் ஆக்ஸ், டவுன் சென்டரில் மறுபடி வில்லேஜர். மூன்று ஸ்கவுட் எடுத்து (ஒன்று 80 உணவு) எதிராளியின் மரம் வெட்டும் இடத்துக்குப் போங்கள். ஆளைக் கொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் பத்து வில்லேஜரை வேலையிலிருந்து எழுப்பி ஓடவிட்டால் அவரது காசில் ஏஜ் தள்ளிப்போகும். ஸ்பியர்மேன் வந்ததும் மோதாமல் விலகுங்கள்.

900 மரம் சும்மா கிடந்ததைப் பற்றி. எத்தனை பேர் எதில் இருந்தால் எந்தக் கட்டடம் நிற்காமல் ஓடும் என்று தெரிந்தால் இது நேராது. டவுன் சென்டர் வினாடிக்கு 2 உணவு தின்கிறது, அதற்கு ஏறக்குறைய 6 வயல். ஸ்டேபிளில் தொடர்ந்து நைட் எடுத்தால், 60 உணவு, 75 தங்கம், 30 வினாடி: அதற்கு இன்னொரு 6 வயல், தங்கத்தில் 6 அல்லது 7 பேர். அதாவது ஒரு டவுன் சென்டர், ஒரு ஸ்டேபிள் ஓட 12 வயல், 7 தங்கம், வீட்டுக்கும் வயலுக்கும் மரத்தில் எட்டுப் பேர். 27 ஆயிற்று. 22 வில்லேஜரை வைத்துக்கொண்டு மூன்று ராணுவக் கட்டடம் ஓட்ட முயன்றால் எல்லாமே பாதி நேரம் நிற்கும், ஏதோ ஒரு வளம் மட்டும் குவியும். மரம் குவிந்தால் வயல் போடுங்கள், அதுவே சரியான செலவு. மில்லில் வயலைத் தானாக மறுபடி விதைக்கும் பட்டன் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். தொடக்கத்தில் கிடைக்கும் 200 கல்லைக் கோபுரத்தில் கரைக்காதீர்கள். காசில் ஏஜில் டவுன் சென்டர் ஒன்றுக்கு 275 மரமும் 100 கல்லும், ஆக அந்தக் கல்லிலேயே இன்னும் இரண்டு டவுன் சென்டர் வரும். காசில் ஏஜ் வந்ததும் 650 கல்லுக்குக் கோட்டை கட்டப் பத்துப் பேரைக் கல்லுக்கு அனுப்புவதைவிட இது பல மடங்கு மேல்.

இப்போது ஸ்பியர்மேன். 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம், குதிரைக்கு எதிராகக் கூடுதல் தாக்குதல். ஆயுதம் சரிதான், நிறுத்தும் இடம்தான் தவறு. நைட் ஸ்பியர்மேனைவிட மிக வேகமானது. நீங்கள் துரத்தினால் அது சுற்றிக்கொண்டு வந்து மரம் வெட்டுபவர்களை வெட்டும். தங்கத்தருகில் நாலு பேர், மரத்தருகில் நாலு பேர் என வேலை நடக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். ஒவ்வொருவராக அனுப்பினால் ஒவ்வொருவராகச் சாவார்கள். காசில் ஏஜ் போனதும் பைக்மேன் அப்கிரேடு. தங்கம் கையிலிருந்தால் 100 தங்கத்துக்கு ஒரு மங்க் எடுத்து, எதிராளியின் நைட்டையே உங்கள் பக்கம் மாற்றலாம். டவுன் பெல்லை அடிக்காதீர்கள். அடித்தால் ஊரே வேலையை விட்டு உள்ளே ஓடும், நாலு நைட் ஒரு அடியும் அடிக்காமல் உங்கள் பொருளாதாரத்தை நிறுத்திவிட்டுப் போகும். தாக்கப்படும் இடத்தில் உள்ளவர்களை மட்டும் பெட்டி போட்டுத் தேர்ந்தெடுத்து டவுன் சென்டருக்குள் அனுப்புங்கள். 15 பேர் கொள்ளும், உள்ளே ஆள் கூடக் கூட அம்பும் கூடும். எதிராளி ஆர்ச்சர் எடுத்தால் மட்டும் ஸ்பியர்மேனை நிறுத்திவிட்டு ஆர்ச்சருக்கு எதிரான ஸ்கர்மிஷருக்கு மாறுங்கள், அதற்கும் தங்கம் வேண்டாம்.

நாகரிகம் கேட்டிருந்தீர்கள். கற்கும் காலத்துக்கு ஃபிராங்க்ஸ். பெர்ரி வேகமாகப் பறிப்பார்கள், மில் இருந்தால் வயல் அப்கிரேடு இலவசம், குதிரைப்படைக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர். மேலே சொன்ன ஸ்கவுட், பிறகு நைட் என்ற பாதைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சைனீஸ் 6 வில்லேஜருடன் தொடங்குவது கவர்ச்சியாக இருக்கும், ஆனால் கையில் உணவே இருக்காது, முதல் நிமிடத்திலேயே தடுமாறுவீர்கள். மாயன், அஸ்டெக், இன்கா மூவருக்கும் ஸ்டேபிளே கிடையாது. 2022ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் சேர்ந்த திராவிடர்களை எடுக்க நமக்கெல்லாம் ஆசை வரும். ராஜேந்திரன் பெயரில் கேம்பெயினும் இருக்கிறது, அதைத் தாராளமாக ஆடுங்கள். போட்டிக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவர்களுக்கு நைட் கிடையாது, காலாட்படையையும் ஸ்கர்மிஷரையும் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கே அது பலன் தரும்.

பயிற்சிக்கு, ஆட்டத்திலேயே உள்ள ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதியில் தொடக்கப் பொருளாதாரம் பற்றிய பாடத்தில் தங்கப் பதக்கம் வரும்வரை ஆடுங்கள். பிறகு தனி ஆட்டத்தில் அரேபியா, ஃபிராங்க்ஸ், எதிராளி ஈசியஸ்ட். சண்டையே வேண்டாம், ஃபியூடல் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி நேரத்தைப் பாருங்கள். 9:40க்கு மேல் எத்தனை வினாடி என்பதுதான் உங்கள் மதிப்பெண். ரீப்ளேயை ஓடவிட்டு டவுன் சென்டரை மட்டும் பார்த்தால், எந்த நிமிடத்தில் எதனால் நின்றது என்று தெரிந்துவிடும்: உணவா, வீடா, கவனமா. தொடர்ந்து 10:30க்குள் வரத் தொடங்கிய பிறகு ஸ்டேபிளையும் மூன்று ஸ்கவுட்டையும் சேர்த்துப் பழகி, ஹார்ட் அளவு கம்ப்யூட்டரோடு மோதுங்கள். ஆன்லைனுக்கு அதன் பின் திரும்பலாம்.