குவாரிக் கூட்டத்துக்குப் போவதா? – கடிதம்

வணக்கம் ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். கல்குவாரி ஒன்றின் விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். பக்கத்துத் தோப்புகளைக் குவாரிக்காரர் ஏற்கெனவே கிரயம் வாங்கிவிட்டார். அங்கே குடியிருக்கும் கூலிக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவாராம். வேலை முடிந்ததும் குழியை மூடி மரம் நடுவாராம். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிச் சம்மதம் என்று காட்டிவிடுவார்கள், யாரும் போகாவிட்டால் கூட்டமே நடக்காது என்கிறார்கள் ஊரில். போவதா, வேண்டாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. ஊரே வீட்டில் படுத்திருந்தாலும் கூட்டம் நடக்கும். வருகைப் பதிவில் போடும் கையெழுத்து, வந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது கடைசியில் வாசிக்கப்படும் நடவடிக்கைக் குறிப்பை. பேசியதெல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும், உள்ளூர் மொழியில் விளக்க வேண்டும், ஆட்சியர் தரப்பு அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நம் ஆட்கள் அதற்குள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இருந்து கேளுங்கள், தமிழிலும் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 முதல் இடம் தருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே மனுவும் அனுப்பிவையுங்கள்.

குழியை மூடுவேன் என்கிறாரே, எதைக் கொண்டு மூடுவார்? நெய்வேலியில் மேலே கிடக்கும் மண்ணை ஒதுக்கி, பழுப்பு நிலக்கரியை எடுத்தபின் அதே மண்ணால் பின்பக்கத்தை நிரப்பிக்கொண்டே போக முடியும். கல்குவாரியில் தோண்டுவதுதான் சரக்கு. லாரி ஏறிய பாறை திரும்பி வராது. வேறெங்கிருந்தோ எதையாவது கொண்டுவந்து கொட்டினால்தான் குழி மூடும். திருப்பூர்ப் பக்கத்துப் பாறைக்குழிகளில் ஊர்க் குப்பை போய் விழுந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே மூடச் சொல்லாதீர்கள். விளிம்பைப் படிபடியாக வெட்டுவார்களா, வேலி யார் செலவு, தேங்கும் தண்ணீர் யாருக்கு என்று கேளுங்கள். முக்கியமாக, மேல்மண் எங்கே போகும் என்று கேளுங்கள். கேரளத்தில் கரிசல் என்றால் உங்கள் சித்தூர் தாலுகாதான். அந்த மண்ணை ஆண்டுக்கணக்கில் உயரமாகக் குவித்துவைத்தால் அதில் உள்ள விதையும் நுண்ணுயிரும் செத்துப்போகும். ஒரு பக்கம் வெட்டி முடிந்ததும் அந்தப் படிகளில் அப்போதே பரப்ப வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு செய்கிறேன் என்பவர், முடிந்த பிறகு ஊரில் இருக்கமாட்டார். மரம் நடுவிழாக்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. ஆடு மாடு மேயும் நிலமாகத் திரும்பினால் அதை ஊரே பார்த்துச் சொல்லிவிடலாம்.

எனக்கு உறுத்துவது அந்தக் கூலிக் குடும்பங்கள். அரசு 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி நிலம் எடுத்தால், மூன்று ஆண்டுகளாக அங்கே உழைத்துப் பிழைத்த நிலமற்றவரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மறுவாழ்வு அவருக்கும் உண்டு. உங்கள் ஊரில் நடந்ததோ கிரயம். விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்கு நிலம். இதுபோன்ற சிறிய வாங்கலில் அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டிப்பார்ப்பதில்லை. அதனால் வீடு தருவேன் என்பது இன்றைக்கு வெறும் வாய்ச்சொல். எந்த சர்வே எண்ணில், யார் பெயரில் பட்டா, முதல் வெடிக்கு முன்பா பின்பா என்று கூட்டத்தில் கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் குறிப்பில் ஏற்றுங்கள். நஷ்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களிடம் பக்கத்திலிருக்கும் பிளாச்சிமடையைக் காட்டுங்கள். நிலத்தடி நீரைக் கெடுத்ததாக ஊரார் எதிர்த்த கோகோ கோலா ஆலை 2004இல் நின்றது. இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இன்னொன்று. தோட்டம் வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குள் மதியமாகிவிடும். கூலிக்காரர்களை முதலில் பேசவிடுங்கள். அன்றைக்கு அவர்களுக்குப் போகும் கூலியை ஊர்ப் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள்.