குழந்தைகள் நலனை டெண்டருக்கு விடலாமா? – கேள்வி பதில்

கொங்குப் பகுதியில் ஒரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவள் நான். குழந்தைகள் நல வேலையைத் தனியாரிடம் விடலாமா என்ற பேச்சைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோபி, ஆசிரியை: நம்ம பக்கம் பல குழந்தைகள் இல்லங்களை டிரஸ்ட்டுகள்தானே நடத்துறாங்க, அக்கா? அப்புறம் தனியார்மயம்னு என்ன புதுப் பேச்சு?

நடத்தலாம் அம்மா. 2015 இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, பதிவு கட்டாயம். ஆனால் மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தை எங்கே இருக்கும், எப்போது வீடு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது குழுதான். சோறும் படுக்கையும் தரும் வேலை வெளியே போகட்டும். முடிவெடுக்கும் வேலை போகவே கூடாது.

திருப்பூர், பனியன் கம்பெனி நடத்துபவர்: தனியார்கிட்ட விட்டா செலவு குறையும், வேலையும் வேகமா நடக்கும்தானுங்க?

ஜாப் ஒர்க்கில் தையல் கோணினால் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். குழந்தை விஷயத்தில் கோணல் தெரியவே பல வருடம் ஆகும்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம் 1996-97ல் குழந்தைகளைப் பராமரிக்கும் இந்த வேலையைத் தனியாரிடம் விட்டது. ஒரு குழந்தைக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசிக் கொடுத்தார்கள். கணக்கு போட்டதைவிடச் செலவு எகிறியது, நிறுவனங்கள் தடுமாறின, பிறகு மாதத் தொகைக்கு மாறினார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019ல் ஒரு நிறுவனம் போட்டியாளரைவிடச் சுமார் 40 சதவீதம் குறைத்துக் கேட்டு ஒமாஹா பகுதி ஒப்பந்தத்தை எடுத்தது. அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. 2022ல் அரசே வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பணம் தரும் முறையைப் பாருங்கள். தலைக்கு மாதம் இவ்வளவு என்றால், பிள்ளை வீடு திரும்பினால் இல்லத்துக்கு வரவு குறையும். மொத்தத் தொகை என்றால், சீக்கிரம் அனுப்பிவிட அவசரம் வரும். நல்லவர் நடத்தினாலும் இந்த இழுப்பு இருக்கத்தான் செய்யும்.

தாராபுரம், ஒரு பாட்டி: மக போய்ட்டா. பேத்தியை இல்லத்துல சேர்த்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க, கண்ணு.

அவசரப்படாதீங்க அம்மா. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். பேத்தி உங்களோடே இருக்கட்டும்.

சேலம், கல்லூரி மாணவர்: குழந்தைகள் உதவி எண் 1098 இப்போ யார் கையில இருக்குங்க?

1996ல் மும்பையில் தொடங்கியது. பல வருடம் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023ல் அரசு எடுத்துக்கொண்டது. எண் அதேதான்.

பொள்ளாச்சி, நன்கொடையாளர்: பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்துக்குச் சாப்பாடு போடுறோம். அங்கே என்ன கேக்கணும்?

பதிவுச் சான்றைக் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், சில நேரம் இரண்டும். போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்றும் கேளுங்கள். இதற்குத் திணறினால் யோசிக்க வேண்டும். ஒரு இல்லத்திலிருந்து அக்கா, தம்பி இருவர் பற்றி எங்கள் குழுவுக்கு வந்த கோப்பில், தம்பியின் வீட்டு நிலையை விசாரித்த அறிக்கை முழுக்க 'இவள்' என்றே இருந்தது. அக்காவின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போகவே இல்லை. மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இல்லத்துக்கு வர வேண்டும் என்பது சட்டம். கடைசியாக எப்போது வந்தார்கள் என்று அதையும் கேட்டுவிடுங்கள்.