சுபுவும் அந்த அண்ணனும்

அன்புள்ள சார்,

எங்கள் திரைப்படக் குழுவில் மாதம் ஒரு படம் போடுகிறோம். நீங்கள் ஓர் உரையில் சொன்னதை நம்பி, ஜப்பானிய இயக்குநர் ஷோஹெய் இமாமுராவின் ‘தி போர்னோகிராஃபர்ஸ்’ (1966) படத்தைத் திரையிடும் முன் நண்பர்கள் சிலர் உட்கார்ந்து பார்த்தோம். பாதியிலேயே ஒருவர் எழுந்து போய்விட்டார். நீலப்படம் எடுக்கிறவனை வைத்து நகைச்சுவை, இதில் என்ன கலை என்கிறார். கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, குறுக்கே குறுக்கே வரும் அந்த மீன் எனக்கும் புரியவில்லை. பெண்களும் வருகிற இடத்தில் இதை எப்படிப் போடுவது? எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய விஷயம், இதன் மூலநாவலை எழுதியவர்தான் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ கதையையும் எழுதியவர் என்பது. அந்த அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சாப்பிட முடியாமல் இருந்தவன் நான். ஏமாற்றப்பட்டதுபோல இருக்கிறது. போடலாமா, வேண்டாமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

போடுங்கள். மற்றதையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளையை ஒரு குறையாகத் திரைப்படக் குழு நடத்துகிறவரே எழுதினால் நான் என்ன சொல்வது? மீன் விஷயம், செத்துப்போன தன் புருஷன்தான் தொட்டி மீனாக வந்திருக்கிறான் என்று படத்தில் வரும் விதவை ஹாரு நம்புகிறாள், அவள் வேண்டாத காரியம் செய்யும்போதெல்லாம் அது துள்ளுகிறது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வந்து எடுக்கவில்லையே என்று கலங்குகிற நமக்கு இது புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? பெண்கள் வருகிற இடம் என்கிறீர்கள், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர்கள் சார்பில் கூச்சப்பட உங்களை யார் நியமித்தது? இந்தப் படத்தில் காட்டப்படும் உடம்பு நம் ஊர்க் குத்துப்பாட்டு ஒன்றில் காட்டப்படுவதில் கால்வாசிகூட இல்லை. எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்தவர்தான் உண்மையில் ஏமாந்திருப்பார். உங்கள் நண்பர் எழுந்து போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரி, ஏமாற்றப்பட்டதுபோல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன். அந்த இரண்டு கதைகளையும் எழுதிய நோசாகா அகியுகியைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டிக்கொண்டது.

1963இல் இந்த நாவல் வருகிறது. அதே வருடம் அதே ஆள் பாட்டெழுதிய ‘ஒமோச்சா நோ சாசாசா’ என்ற குழந்தைப் பாடலுக்கு ஜப்பானின் ரெக்கார்ட் விருதுகளில் சிறுவர் பாடலுக்கான பரிசு கிடைக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கியதும் பொம்மைகள் பெட்டியிலிருந்து எழுந்து ஆடுகிற பாட்டு, இன்றும் அங்கே குழந்தைகள் பாடுகிறார்கள். நான்கு வருடம் கழித்து நீங்கள் அழுத அந்தக் கதை, அதற்கு நவோகி இலக்கியப் பரிசு. 1988இல்தான் இசாவோ தகாஹாதா அதை அனிமேஷனாக எடுத்தார். நீங்கள் அழுத கதையை எழுதியபோதே அவர் ‘ஆபாச எழுத்தாளர்’தான், நடுவில் திருந்தவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. 1972இல் பழைய காமக்கதை ஒன்றைத் தான் பொறுப்பிலிருந்த பத்திரிகையில் வெளியிட்டதற்காக ஆபாச வழக்கில் மாட்டி, சுப்ரீம் கோர்ட் வரை போய், 1980இல் தோற்று அபராதம் கட்டினார்.

1945 ஜூனில் கோபே நகரத்தில் குண்டு விழுந்தபோது நோசாகாவுக்கு வயது பதினான்கு. வளர்ப்பு வீடு எரிந்துபோனது. கையில் ஒரு தங்கை, ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, ஆகஸ்டில் பட்டினியால் செத்துப்போனாள். கதையில் வருகிற அண்ணன் தங்கைக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினி கிடக்கிறான் அல்லவா, நிஜத்தில் அப்படி இல்லை என்று நோசாகாவே பின்னால் எழுதியிருக்கிறார். அவளுக்கு வைத்திருந்ததைத் தானே தின்றிருக்கிறார், அழுதால் அடித்திருக்கிறார். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனைக் கதையில் உண்டாக்கி அவனையும் சேர்த்துச் சாகவிட்டார். நீங்கள் அந்த அண்ணனைப் பார்த்து அழுதீர்கள், சரி. அவன் சாகாமல் தப்பி ஒசாகாவுக்கு வந்து, நாற்பது வயதில் தொப்பையும் தொழிலுமாக ஒரு வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருப்பான்? உங்கள் நண்பர் சகிக்காத அந்த நீலப்படக்காரன் சுபு மாதிரி இருப்பான். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே ஆளின் கதை.

சுபு என்ன செய்கிறான் என்று திரும்ப ஒருமுறை பாருங்கள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் விதவை ஹாரு, அவளுக்கு வயதுக்கு வந்த இரண்டு பிள்ளைகள், அந்த வீட்டில் குடியிருக்க வந்தவன் அந்த வீட்டின் சுமையையே தலையில் எடுத்துக்கொள்கிறான். பையனுக்குக் காலேஜில் சேரப் பணம், ஹாருவுக்கு ஆஸ்பத்திரி. இதற்காக எட்டு எம்.எம். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே படம் பிடிக்க ஓடுகிறான், ரவுடிகள் பங்கு கேட்கிறார்கள், போலீஸ் பிடிக்கிறது, வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். தான் சமூக சேவை செய்வதாகவே அவன் மனதார நம்புகிறான், சுபுவாக நடித்த ஷோயிச்சி ஒசாவாவின் முகத்தில் அந்த நம்பிக்கை வருகிறபோது சிரிக்காமல் இருக்க முடியாது. கவனியுங்கள், படத்தில் காமத்தைப் பார்த்துச் சிரிக்கிற இடம் அநேகமாக ஒன்றுமே இல்லை. சிரிப்பு வருவதெல்லாம் காசுக் கணக்கில், சரக்கில், வாடிக்கையாளரின் புகாரில். கன்னிப்பெண்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு கம்பெனி முதலாளிக்கு, தொழிலில் ஊறிய ஒருத்தியைச் சொல்லிக்கொடுத்துக் கன்னியாக அனுப்பி வைக்கிறார்கள். முதலாளிக்கு ஏகப்பட்ட திருப்தி.

சிறுவயதில் எங்கள் தெருமுனையில் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற ஓர் அண்ணாச்சி இருந்தார். கடை அடைக்கப்போகிற நேரத்துக்கு ஆட்கள் வந்து, சாமி படக் கேசட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே “புதுசா ஏதாச்சும் வந்திருக்கா அண்ணாச்சி” என்பார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். மேஜைக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றியதை எடுத்துக் கொடுத்துவிட்டு நோட்டில் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். காலையில் அந்தக் கேசட்டுகள் திரும்பி வரும்போதுதான் அவருக்குக் கோபம் வரும். திருப்புளியால் நாலு திருகையும் கழற்றி, சுருங்கிப்போன டேப்பை பிளேடால் வெட்டி, செல்லோடேப் ஒட்டி, மறுபடி மூடுவார். “எல்லாப் பயலும் ஒரே இடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாக்கான், டேப்பு என்னத்துக்கு ஆகும்?” அந்த டேப்பில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு ஆர்வமும் இருந்ததாகத் தெரியவில்லை. மகளை டீச்சர் டிரெய்னிங் படிக்கவைத்தது அந்தக் கடைதான். தெருவில் அவரைப் பற்றி அசிங்கமாகப் பேசியவர்களில் பாதிப்பேர் அந்த நோட்டில் புள்ளியாக இருந்தவர்கள். இமாமுரா படத்தை முதல்முறை பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பில் அந்த அண்ணாச்சியும் இருந்தார்.

சுத்தமாகச் சம்பாதிக்கக் கூடாதா என்று உங்கள் நண்பர் கேட்பார். 1947இல் யமகுச்சி யோஷிததா என்ற தோக்கியோ நீதிபதி, ரேஷன் அரிசி தவிர வேறெதையும் தொடமாட்டேன், கள்ளச்சந்தையில் வாங்கியவர்களைத் தண்டிக்கிற நான் அதை எப்படித் தின்பது என்று உறுதியாக நின்று, உடம்பு இற்றுச் செத்தே போனார். அதாவது சட்டப்படி சாப்பிட்டால் சாவுதான். உயிரோடு இருந்த ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வகையில் குற்றவாளிகள். அந்த நாட்களில் இமாமுராவே கள்ளச்சந்தையில் மதுவும் சிகரெட்டும் விற்றவர், நோசாகா திருடி மாட்டிச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனவர். பிறகு நாடு எழுந்துவிட்டது, 1958இல் விபச்சாரத் தடைச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்தது, 1964இல் ஒலிம்பிக்ஸ், எல்லோரும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டார்கள். நேற்று வரை எல்லோரும் ஒரே சேற்றில்தானே நின்றோம் என்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் படம் எடுத்துக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தப் படத்துக்கு ‘மானுடவியல் அறிமுகம்’ என்று வேறு பெயர் வைத்தார், கொழுப்புத்தான்.

சுபுவை நான் நல்லவன் என்று சொல்லவரவில்லை. ஹாருவின் மகள் மேல் அவன் பார்வை போகிற இடங்களில் எனக்கும் கூசுகிறது, கூச வேண்டும். படம் அவனுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. ஹாரு பித்துப் பிடித்துச் சாகிறாள், இவன் ஆண்மை போய், ஒரு படகுவீட்டில் தனியாக உட்கார்ந்து ஆசாரியின் பொறுமையோடு ஒரு பெண் பொம்மை செய்கிறான். கயிறு அவிழ்ந்து படகு கால்வாய் வழியே கடலுக்குப் போவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் இது நகைச்சுவைப் படம்தானா என்றால் ஆமாம், நகைச்சுவைப் படம்தான்.

நீங்கள் நல்ல பையன் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் திட்டுகிறேன். பசிக்கு அழுகிற குழந்தையின் உடம்பு புனிதம், மற்ற உடம்பெல்லாம் அசிங்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் அழுகை சுலபமாக வரும். நோசாகாவுக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. சோறு கேட்டதும், அடித்ததும், திருடியதும் எல்லாம் ஒரே உடம்பு என்று பதினான்கு வயதிலேயே பார்த்துவிட்டார்.

திரையிடும்போது முன்னுரை என்று அரைமணி நேரம் பேசாதீர்கள். அந்த அனிமேஷன் படத்தைப் பற்றி முன்கூட்டி மூச்சுவிடவே வேண்டாம், படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு சொல்லுங்கள், அப்புறம் சண்டை நடக்கட்டும். தொடக்கத்தில் நீலப்படக்காரர்கள் சிலர் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க ஆரம்பிக்கிறார்கள், அந்தப் படம்தான் நாம் பார்க்கிற இந்தப் படம். தாமதமாக வருகிறவர்களுக்கு இது புரியாது, ஆகவே குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுங்கள். எழுந்து போன நண்பருக்கும் சொல்லி அனுப்புங்கள். வராவிட்டால் டீச்செலவு மிச்சம்.