வெப்சைட் முகவரியை மாற்ற 60,000 ரூபாய் கொடுக்கலாமா?

மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வேர்ட்பிரஸ் என்ற வெப்சைட் மென்பொருளில் செய்த எங்கள் வெப்சைட்டில் பக்க முகவரிகள் எல்லாம் கேள்விக்குறி, ‘பேஜ் ஐடி 47’ என்ற மாதிரி இருக்கின்றன. இதை மாற்றி ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவர ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, கூகுளே அதை எழுதி வைத்திருக்கிறது. முகவரியில் நல்ல சொல் இருப்பதால் தேடலில் வரும் லாபம் மிகச் சிறியது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆள் வாசித்து, நம்பி அழுத்துவாரே, அதுதான் பெரிய லாபம்.

வேலை ஐந்து நிமிடம். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் என்ற பக்க முகவரிப் பகுதிக்குப் போய், இலக்கத்துக்குப் பதிலாகப் பக்கத்தின் பெயரை முகவரியில் வைக்கும் ‘போஸ்ட் நேம்’ என்பதைத் தெரிவுசெய்து சேமியுங்கள். பழைய இலக்க முகவரியை அழுத்துபவரை வேர்ட்பிரஸ் தானாகவே புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். சேமித்த கையோடு, போன பெருநாளுக்கு வாடிக்கையாளருக்கு அனுப்பிய லிங்க் ஒன்றை அழுத்திப் பாருங்கள். திறந்தால் சரி, அப்புறம் இந்தச் செட்டிங்ஸில் கைவைக்காதீர்கள்.

முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்றால், கூகுளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொப்பி பண்ணி ஒட்டும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக உடைந்துவிடும். ‘சாரம்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக நீளும், ஏனென்றால் கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாகிறது. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும், நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் நிற்கும். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மெனுவில் 17 தலைப்புகள் இருக்கின்றன. சாரம், சேலை, ஓடர் செய்யும் முறை, தொடர்பு, இவை போதும். மற்றதெல்லாம் அந்தந்தப் பக்கத்துக்குள் லிங்க்காக இருக்கட்டும். எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கத்தைக் கூகுள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் வேறு. உங்கள் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கென்று காசு கட்டிப் பதிந்த பெயர், யார் பெயரில் இருக்கிறது? கல்லடியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவருக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார், பிறகு வெளிநாடு போய் போனும் எடுக்கவில்லை, புதுப்பிக்காமல் விட்டதில் பல வருடத்துப் பெயர் கைவிட்டுப் போனது. ஆட்டோ வாங்கினால் புத்தகம் யார் பெயரில் என்று பத்துத் தடவை பார்க்கிறோம், டொமைனுக்கு மட்டும் ஒருவரும் கேட்பதில்லை, செய்துகொடுப்பவர்களும் வாய் திறப்பதில்லை. வருடா வருடம் காசு வாங்கிக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டுக்கூடத் தராத ஆட்களோடு இன்னும் எத்தனை காலம் மாரடிப்பது! டொமைன் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இல்லையென்றால், பெர்மாலிங்க்ஸைத் தொடும் முன் இன்றைக்கே அதைக் கேட்டு வாங்குங்கள்.