ஒரு குளியலுக்கும் மறு குளியலுக்கும் இடையே வாடையின்றி இருக்க வீட்டுமுறைகள் உண்டா?

காலையில் குளித்துவிட்டுப் புறப்பட்டாலும் மதியத்துக்குள் வியர்வை வாடை வந்துவிடுகிறது, கடையில் வாங்கும் டியோடரன்ட் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளும் இயற்கை முறைகள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் எதைப் பூசுவது என்பதைவிட உடலை எவ்வளவு நேரம் உலர்வாக வைத்திருக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலையும் முடிகிறது என்பது என் அனுபவம்.

நான் காங்கேயத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிவிடும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும் என்பதால், மாலையில் இன்னொரு முறை குளிப்பதைப் பல ஆண்டுகள் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே இந்தக் கேள்வி எனக்கு அழகுக்குறிப்பாக இல்லாமல் அன்றாடத் தேவையாகவே இருந்து வந்திருக்கிறது.

வியர்வைக்கென்று தனி வாடை கிடையாது. உடல் முழுதும் பரவியிருக்கும் எக்ரைன் சுரப்பிகள் வெளியேற்றுவது பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மிகுதியாக உள்ள அபோகிரைன் சுரப்பிகள் பருவ வயதில் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து வரும் கொழுப்பும் புரதமும் கலந்த சுரப்பை நம் தோலிலேயே வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. அந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் போதும். இதெல்லாம் தெரியாமலே என் அமுச்சி (அம்மாவின் அம்மா), குளியலறையிலிருந்து அவசரமாக வெளியே வரும் எங்களிடம், "ஈரத்து மேல துணியப் போடாத கண்ணு, ஒடம்பு காயட்டும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். குளித்தபின் அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கு, கால்விரல் இடைவெளி ஆகிய இடங்களை ஒற்றித் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் காற்றுப்பட இருந்த பிறகு ஆடை உடுத்திப் பாருங்கள். மதியம் வருகிற வாடை மாலைக்குத் தள்ளிப்போவதை ஒரே வாரத்தில் உணர்வீர்கள். இதற்குத் தடித்த டர்க்கித் துண்டைவிடச் சென்னிமலைப் பக்கம் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துண்டோ, ஈரிழைத் துண்டோ மேலானது. கொடியில் போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். முந்தைய நாள் ஈரம் உலராத துண்டு, கழுவிய உடம்பில் பழைய வாடையை மறுபடி ஏற்றிவிடும்.

அடுத்தது மதியத் துடைப்பு. நான் பதினைந்து ஆண்டுகளாக விடாமல் செய்துவருவது இது ஒன்றுதான். இரவில் ஒரு கைப்பிடி வெட்டிவேரை மண் போக இரண்டு மூன்று முறை அலசி, கொதிக்கவைத்து ஆறிய ஒரு செம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டிச் சிறு புட்டியில் எடுத்துக்கொள்கிறேன். மதிய உணவுக்கு முன் ஒரு பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, பிடரி, அக்குள், முழங்கையின் உட்பக்கம், முழங்காலின் பின்பக்கம் ஆகியவற்றைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். உண்மையில் பயன் தருவது, அதுவரை சேர்ந்த உப்பும் சுரப்பும் நீங்குவதுதான்; வெட்டிவேரின் மண்மணம் மனத்துக்கு இதமானது, அவ்வளவே. வெறும் தண்ணீரில் துடைத்தாலும் பாதிக்கு மேல் பலன் கிடைக்கும். இத்தகைய நீரில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லாததால் அன்றன்றைக்குச் செய்து, மாலையில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து வைத்துக்கொண்டால் கிருமி வளர்ந்த நீரையே தோலில் தடவுகிறோம் என்று பொருள்.

நம் கொங்குப் பகுதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் வியர்வை வந்த சுவடு தெரியாமலே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவில்லை என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். மாலையில் கறுப்பு ரவிக்கையின் முதுகில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்த பிறகுதான், காற்றுக் காலத்திலும் துடைப்பு வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். கரூர், ஈரோடு பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு முறை போதாது. இரு முறை துடைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்புக்குப் பின் அக்குளுக்குப் படிகாரம் போதுமானது. முடிதிருத்தும் கடைகளில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதே கட்டிதான். நீரில் நனைத்து மேலாக ஓரிரு முறை தேய்த்து உலர விட்டால் தோலைச் சற்றுச் சுருக்கி, பாக்டீரியாக்களின் பெருக்கத்தையும் குறைக்கும். முடி மழித்த அன்று எரியும் என்பதால் ஒரு நாள் விட்டுத் தேய்ப்பது நல்லது. அலுமினியத்துக்கு அஞ்சி டியோடரன்டைத் தவிர்ப்பவர்கள், படிகாரமும் ஓர் அலுமினிய உப்பே என்பதை அறிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். பவுடர் வேண்டுவோர் கூவைக்கிழங்கு மாவை மெல்லிய துணியில் சலித்துப் பிடரியிலும் முதுகிலும் தூவிக்கொள்ளலாம். தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் அது ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும் என்பதால் அங்கே வேண்டாம்.

இனி, செய்யக்கூடாத ஒன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காணொளியைப் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து அக்குளில் பத்து நாள் தொடர்ந்து பூசினேன். முதல் வாரம் வாடையே இல்லை. பிறகு தோல் சிவந்து, உரிந்து, கறுத்துப்போனது. தோல் மருத்துவர் விளக்கிய பிறகுதான் நான் செய்த தவறு புரிந்தது: நம் தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, சமையல் சோடா காரம், எலுமிச்சையோ மிகக் கடுமையான அமிலம். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்று நம்பி, அளவில்லாமல் குழைத்துப் புண்ணாக்கிக்கொண்டேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரும் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்தக் கறுப்பு மறைய நான்கு மாதங்கள் ஆயின. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வெயில் பட்டால் தோல் கெடும் என்ற இதே காரணத்தால், சோப்புக்குப் பதில் தேய்த்துக் குளிக்கும் நலங்கு மாவிலும் ஒரு பொருளை நான் தவிர்க்கிறேன். நாட்டு மருந்துக்கடையில் நலங்கு மாவுக்கென்று கேட்டால் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றோடு கார்போக அரிசியையும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். கார்போக அரிசி என்னும் அந்த மூலிகை விதையில் உள்ள சொராலென் என்ற வேதிப்பொருள் தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படச் செய்யும். குளித்த கையோடு காட்டுக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ செல்பவர்கள் அதை விட்டுவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளாகவே இருக்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஈரோட்டு மஞ்சள் குழம்புக்கு இணையற்றது, ஆனால் வெள்ளை ரவிக்கையின் அக்குளில் அதன் கறை போகவே போகாது.

தலையும் வாடைக்கு ஒரு காரணம். ஈரத்தலையைக் கொண்டையிட்டுப் பூவும் வைத்துக்கொண்டால் மதியத்துக்குள் புழுங்கிய வாடை வரும். வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்து, உசில மர இலையைப் பொடித்த அரப்பை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்துக் குளிப்பது எங்கள் வீட்டில் இன்றும் தொடர்கிறது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் குழந்தைகளுக்கு நெற்றியைத் துணியால் மறைத்துத் தேய்க்கவும்.

உடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. பாலியஸ்டர் துணி வியர்வை வாடையைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது; துவைத்துக் காய்ந்த சட்டை, போட்டுக்கொண்ட அரை மணி நேரத்தில் மறுபடி நாறுவது இதனால்தான். உள்ளாடையும் ரவிக்கையும் பருத்தியாக இருக்கட்டும். அவற்றை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி வெயிலில் உலர்த்துங்கள். நாள் முழுதும் வெளியில் இருப்பவர்கள் கைப்பையில் ஒரு மாற்று உள்ளாடையை வைத்துக்கொள்வது எந்தப் பூச்சையும்விடப் பயனுள்ளது.

புதிதாக எதைப் பூசினாலும் முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்த பிறகே அக்குளுக்குக் கொண்டுசெல்லுங்கள். தொடையிடுக்கில் வட்டமாகப் பரவி அரிக்கும் படர்தாமரை இருந்தாலோ, உடல் வாடை திடீரென்று மாறியிருந்தாலோ இங்கே சொன்ன எதையும் முயலாமல் மருத்துவரைப் பாருங்கள். டியோடரன்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறாமல் இருந்தால், ஆறும்வரை படிகாரமும் வேண்டாம், வெட்டிவேர் நீரும் வேண்டாம். மதியம் வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு மட்டும் வாருங்கள்.